பெரிய பாதையில் மழை நாள்: கரிமலையைக் கடப்பதா, முன்பே தங்கிவிடுவதா?

திண்டுக்கல் கன்னிசாமி எழுதியது:

சாமி சரணம். இந்த ஆண்டு முதன்முறையாகச் சபரிமலைக்கு மாலை அணிந்திருக்கிறேன். எங்கள் குழு கார்த்திகை மூன்றாம் வாரத்தில் எருமேலியில் வண்ணம் பூசி ஆடும் பேட்டை துள்ளலை முடித்துவிட்டு, பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கரிமலை வழியாகப் பெரிய பாதையில் பம்பைக்கு நடப்பதாக முடிவு செய்திருக்கிறது. குழுவில் அறுபதைத் தாண்டியவர்கள் இருவர் இருக்கிறார்கள். என் அக்காள் மகன், பத்து வயதுச் சிறுவன், அவனும் வருகிறான்.

கரிமலை ஏற்றத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும், ஐயப்பன் பார்த்துக்கொள்வார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மலையில் இறங்கப் போகிறவன் நான் என்பதால், மழையில் அந்த வழியை நடந்தவர்கள் நடந்ததை நடந்தபடியே எழுதினால் உதவியாக இருக்கும். எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, இருமுடியை எப்படிக் காப்பது, வெறுங்காலுக்கு என்ன செய்வது ஆகியவையே என் கேள்விகள்.

தென்காசி வானம் எழுதியது:

முதலில் எந்த மழை என்று பிரித்துக்கொள்ள வேண்டும், சாமி. மலையாள நாட்டில் துலாவர்ஷம் என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பிற்பகல் மழை. காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும். உச்சி வேளைக்கு மலைமுகட்டில் மேகம் திரளும். இரண்டு மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு இருட்டும்போது ஓய்ந்துவிடும். இந்த மழையைக் கடிகாரம் பார்த்தே பெருமளவு தவிர்த்துவிடலாம். மதியத்துக்குள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடித்துவிடும் கணக்கில் புறப்பட்டால் போதும்.

இரண்டாவது வகை வங்கக் கடலிலிருந்து வருவது. அதற்கு நேரங்காலம் கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்த பிறகும் அதன் எச்சம் உள்மாவட்டங்களைக் கடந்து மேற்கே நகர்ந்து, டிசம்பர் தொடக்கத்தில் கேரளத்து மலைகளில் கனமழையாகக் கொட்டியது. அப்போது பெரிய பாதையிலும் புல்மேட்டுப் பாதையிலும் பக்தர்களை விடாமல் நிறுத்தினார்கள். பம்பையில் இறங்கிக் குளிக்கவும் தடை இருந்தது. ஆகவே கடலூரிலோ நாகையிலோ ஒரு புயல் சின்னம் கரையேறுகிறது என்று செய்தி வந்தால், ஓரிரு நாளில் அது அழுதைக்கும் வந்து சேரக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாக வண்டி ஏறுகிறவர்கள், விட்ட மழையைத் துரத்திக்கொண்டுதான் போகிறார்கள்.

இன்னொன்று. எருமேலி கோட்டயம் மாவட்டம், அழுதையைத் தாண்டியதும் இடுக்கி, பம்பை பத்தனம்திட்டை. மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனியே மழை எச்சரிக்கை நிறம் அறிவிப்பார்கள். பம்பைக்கு மஞ்சள்தானே என்று ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. 2021 அக்டோபர் 16 அன்று முண்டக்கயத்தை அடுத்த கூட்டிக்கல்லில் நிலச்சரிவு ஏற்பட்டது நினைவிருக்கும். அந்த மலைத்தொடரின் சரிவிலேயேதான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள்.

ஈரநிலம் எழுதியது:

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் அழுதைக் கரையில் விரி என்னும் தற்காலிகக் கொட்டகையில் இரவு தங்கினோம். முந்தின நாள் மாலையில் ஆற்றின் அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. விடிந்து பார்த்தபோது நீர் செம்மண்ணாகக் கலங்கி, முழு மூங்கில் ஒன்றைப் புரட்டிக்கொண்டு போனது. இத்தனைக்கும் நாங்கள் படுத்திருந்த இடத்தில் இரவில் பெரிய மழை இல்லை. மலையின் மேற்பகுதியில் எங்கோ பெய்திருக்கிறது. குருசாமி ஒருவரையும் ஆற்றில் முங்க விடவில்லை. அவர் மட்டும் கரையோரத்தில் நின்று செம்பால் மொண்டு ஒவ்வொருவர் தலையிலும் ஊற்றினார். கல்லிடும் குன்றில் போடுவதற்கான கல்லையும் ஆற்றுக்குள் போய்த் தேடாமல், ஓரத்திலேயே எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டோம்.

வனத்துறையினர் வழியைத் திறந்து குழுவாக உள்ளே விட்ட சிறிது நேரத்தில் மழை தொடங்கியது. அந்தப் பாதையை நடந்தவர்களுக்குத் தெரியும்: பல தலைமுறைக் கால்கள் மிதித்து மிதித்து, ஏற்றங்களில் பாதையே ஒரு பள்ளமாகிக் கிடக்கிறது. மழை வலுத்தால் மலையின் நீர் முழுவதும் அந்தப் பள்ளத்தைத் தேடி வருகிறது. பாதை ஓடையாகிவிடும். உடனே எல்லோரும் மேட்டில் ஏறி ஓரமாக நடக்கத் தொடங்குவார்கள். ஓரத்துப் புல்லிலும் சருகிலும் அட்டை காத்திருக்கும். நடுவில் நடந்தால் நீர், ஓரத்தில் நடந்தால் அட்டை. நாங்கள் நீரையே தேர்ந்துகொண்டோம். வேட்டியை மடித்துக் கட்டியும் அதன் விளிம்பு கெண்டைக்காலில் ஒட்டி ஒட்டி இழுத்தது. சிறுவர்களுக்கு வேட்டி வேண்டாம், கறுப்பு அரைக்கால் சட்டையே போதும் என்று எங்கள் குருசாமி ஏன் சொன்னார் என்பது அங்கேதான் விளங்கியது.

இஞ்சிப்பாறையில் ஒரு கடை. தார்ப்பாய்க் கூரை நடுவில் நீர் தேங்கித் தொங்கும்போதெல்லாம் கடைக்காரப் பையன் ஒரு கம்பால் அடியிலிருந்து முட்டுவான். குடம் கவிழ்ந்ததைப் போல் ஒரு பக்கமாக நீர் சரியும். கட்டன் காப்பியும், கஞ்சியும் பயறும் கிடைத்தன. இந்தக் கடைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வனத்துறையின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களைச் சேர்ந்த உள்ளூர் மக்கள்; மலை அரையர் சமூகத்தாரும் அவர்களில் உண்டு. வழி எப்படி இருக்கிறது என்று கேட்க அவர்களைவிடத் தக்கவர்கள் கிடையாது. எங்களிடம் அந்தப் பையனின் தந்தை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: கரியிலந்தோடு ஓடையில் நேற்று மாலை இடுப்பளவு நீர் போனது.

முக்குழியை அடைந்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. குழுவில் பாதிப் பேர், நனைந்தது நனைந்துவிட்டோம், இருட்டுவதற்குள் பம்பையைப் பிடித்துவிடலாம் என்றார்கள். குருசாமி வாதம் செய்யவில்லை. நம்மில் மிக மெதுவாக நடப்பவர் யார், அவர் கரிமலை உச்சியில் நிற்கும்போது மணி என்னவாக இருக்கும் என்று மட்டும் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், இறக்கத்தின் நடுவில் இருட்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தங்கிவிட்டோம்.

நள்ளிரவுக்குப் பிறகு மழை நின்றது. மறுநாள் காலையில் கரியிலந்தோட்டில் முழங்காலுக்குக் கீழேதான் நீர். மலையில் ஓடை எவ்வளவு விரைவாகப் பெருகுகிறதோ, மழை நின்றால் அவ்வளவு விரைவாக வடிந்தும் விடுகிறது. ஓர் இரவு பொறுத்ததற்கு எங்களுக்குக் கிடைத்தது இடுப்புக்கும் முழங்காலுக்கும் உள்ள அந்த வேறுபாடு.

கரிமலை ஏற்றம் ஏழு தட்டு என்பார்கள். ஈரத்தில் அது நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. ஏறும்போது உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, கால்விரல்கள் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொள்கின்றன, விழுந்தாலும் கைக்கு எதிரே தரை இருக்கிறது. மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறலாம். உச்சியில் மேகத்துக்குள்ளேயே நின்றோம். பத்தடிக்கு அப்பால் இருந்தவரின் குரல்தான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

இறக்கம் வேறு கதை. வழுவழுப்பான கற்கள், அவற்றின் மேல் பச்சைப் பாசி, குறுக்கே மரவேர்கள். ஈரமான வேரின் மேல் நீளவாக்கில் கால் வைத்தால் நிற்காது. குறுக்காக, உள்ளங்கால் முழுதும் பதிய வைக்க வேண்டும். நேராக இறங்காமல் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கம்பைக் கீழே ஊன்றி, பிறகே காலை நகர்த்தினோம். ஏறியதைவிட இறங்கக் கூடுதல் நேரம் பிடித்தது. எங்கள் குழுவில் சறுக்கியவர்கள் எவரும் செங்குத்தான இடத்தில் சறுக்கவில்லை. கீழே பம்பையாற்றின் இரைச்சல் காதில் விழுந்து, வந்துவிட்டோம் என்று உடலைத் தளர்த்திய கடைசிப் பகுதியில்தான் சறுக்கினார்கள். பெரியானைவட்டத்தின் சமதரையை மிதித்தபோது சிறுவர்கள் ஓடினார்கள், பெரியவர்கள் உட்கார்ந்தார்கள்.

சரணவழி எழுதியது:

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பெரிய பாதையை இப்படி நேரக் கணக்காகவும் நீர்மட்டக் கணக்காகவும் பேசுவது எனக்கு உறுத்துகிறது. கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தை என்று சரணம் விளித்துக்கொண்டு நடக்கிற வழி இது. மழைக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டுமென்றால் நிலக்கல் வரை வண்டியில் போய்ப் பம்பையிலிருந்து ஏறலாமே? மழையும் குளிரும் அட்டையும் அவன் வைக்கும் சோதனை. அதைத் தாங்கிக்கொண்டு நடப்பதே விரதத்தின் பகுதி என்றுதான் என் தந்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் குழு கொட்டும் மழையில் நிற்காமல் நடந்திருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கம்பத்துச் சாமி எழுதியது:

சரணவழி சாமி, உங்கள் தந்தையார் சொன்னதில் தவறில்லை. மழையில் நனைவதை யாரும் இங்கே குறை சொல்லவில்லை. நனைவது வேறு, பெருகிய ஓடையில் ஒரு சிறுவனை இறக்குவது வேறு. ஒரு மண்டலம் உடலை அடக்கப் பழகுவது விரதம். அந்த உடலைப் பணயம் வைக்கச் சொல்லி எந்தக் குருசாமியும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இஞ்சிப்பாறை, முக்குழி, கரிமலை, பெரியானைவட்டம் என்று நாம் பெயர் சொல்லும் இடங்களில் பலவும் பழைய தாவளங்கள். தாவளம் தங்குவதற்கான இடம். பெரியவர்கள் இந்த வழியை ஒரே மூச்சில் நடக்கவில்லை. சமைத்து, உண்டு, பஜனை பாடி, உறங்கி, பல நாள் நடந்தார்கள். நிற்காமல் ஓடுவதே பழக்கம் என்பது வாகனமும் விடுப்புக் கணக்கும் வந்த பிறகு ஏற்பட்டது. எருமேலியிலிருந்து பம்பைக்கு 40 கிலோமீட்டர் என்பாரும் உண்டு, 48 என்பாரும் உண்டு. எப்படி அளந்தாலும் மழைநாளில் ஒரே பகலில் முடிக்கும் தூரம் அன்று. ஆகவே முக்குழியில் தங்குகிறவர் பெருவழியை விட்டு விலகுவதில்லை, அதன் முறைப்படியே நடக்கிறார்.

கன்னிசாமிக்குச் சில செய்திகள். மழையில் சரணவிளி பக்திக்கு மட்டுமல்ல, ஆளெண்ணவும்தான். மழை இரைச்சலில் பின்னால் வருகிறவர் விழுந்தாலும் கேட்காது. எங்கள் குழுவில் முன்னால் செல்பவர் விளித்தால் கடைசி ஆள் பதில் விளிக்க வேண்டும். பதில் வராவிட்டால் எல்லோரும் நின்றுவிடுவோம். கன்னிசாமிகளும் சிறுவர்களும் எப்போதும் வரிசையின் நடுவில். சரணவிளி யானைக்காகவும்தான். அது புலிகள் காப்பகத்துக் காடு. மழையில் நம் காலடி ஓசையும் வாடையும் அதற்கு எட்டாது, அது வருவதும் நமக்குத் தெரியாது. இரு தரப்பும் திடீரென்று எதிர்ப்படுவதுதான் ஆபத்து. வாய் ஓயாமல் சரணம் விளித்துக்கொண்டு போகிற குழுவுக்கு யானை பெரும்பாலும் தானே வழிவிட்டு ஒதுங்கும். பிற்பகலுக்குப் பிறகு வனத்துறை புதிதாக ஆள் விடாததும் இதனால்தான். அவர்களிடம் கெஞ்சி உள்ளே நுழைய முயல வேண்டாம்.

இருமுடி நனைவதைப் பற்றிக் கேட்டீர்கள். இருமுடியின் முன்பகுதியான முன்முடியில் முதலில் காக்க வேண்டியது அரிசி; நனைந்த அரிசி ஒரே இரவில் புளித்து வாடை எடுக்கும். நெய்த்தேங்காயைப் பற்றிக் கவலை வேண்டாம். தேங்காயின் கண்ணில் அடைத்த கார்க்கின் மேல் மெழுகை உருக்கி ஊற்றியிருந்தால் மழை உள்ளே போகாது, மலைக் குளிரில் நெய்யும் உறைந்துவிடும். நான் பார்த்தவரை நெய் கசிவதெல்லாம் கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் நிற்கும் வண்டிக்குள்தான். இருமுடிக்குள் எதையும் கூடுதலாகத் திணிக்காதீர்கள். நனைந்த துணிப்பையின் எடை கழுத்தை வாங்கிவிடும். தலையில் இருமுடி இருக்கும்போது குடை பிடித்து இறங்குவதும் கூடாது. ஒரு கை கம்புக்கு, ஒரு கை இருமுடிக்கு. மூன்றாவது கை நமக்கு இல்லை.

கோவை மிதிவண்டி எழுதியது:

இருமுடியை நெகிழிப் பையில் பொதிவதுதான் எல்லோரும் செய்வது. சபரிமலையில் நெகிழிக்குத் தடை இருக்கிறது. இருமுடிக்குள்ளும் அதைத் தவிர்க்கும்படி கோயிலை நிர்வகிக்கும் தேவசம் வாரியம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2024 பருவத்தின்போது கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் ஆகியவற்றையும் இருமுடியில் தவிர்க்கச் சொன்னார்கள். மழை பெய்த மறுநாள் அந்தக் காட்டு வழியில் நடந்தவர்களுக்குத் தெரியும், பாதையின் இருபுறமும் கிழிந்த மலிவு மழைச்சட்டைகள் எப்படிக் கிடக்கின்றன என்று. கரிமலையில் உப்புச்சுவையோடு கிடக்கும் உணவுப் பைகளை மானும் யானையும் தின்கின்றன. அந்தக் காட்டை ஐயப்பனின் பூங்காவனம் என்று வணங்கிக்கொண்டே அதைக் குப்பைக் கிடங்காக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, செருப்பு. மாலை போட்டால் வெறுங்கால் என்பது முறை. அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் இந்த வழியில் வருகிறார்கள். அவர்களையும் ஈரக்கல்லில் வெறுங்காலோடு நடத்துவது சரியா என்று குருசாமிமார்களே சொல்ல வேண்டும்.

கம்பத்துச் சாமி எழுதியது:

நெகிழி குறித்துச் சொன்னது முழுக்கச் சரி. ஒருமுறை போட்டுக் கிழிக்கும் மழைச்சட்டை வேண்டவே வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் பயன்படும்படி கெட்டியான மழைப்போர்வை ஒன்று வாங்கி, இருமுடியோடு சேர்த்துத் தலைக்கு மேலிருந்து தொங்கும்படி போர்த்திக்கொண்டால் ஆளும் நனையாமல் இருமுடியும் நனையாமல் போகலாம். கொண்டுபோவதைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பை எங்கள் குழுவில் ஒருவரிடமே ஒப்படைத்துவிடுவோம். எண்ணி வாங்கி எண்ணிக் கட்டுவார்.

கால் குறித்து என் கருத்து: உணர்ச்சி குறைந்த காலோடு வருகிறவர் மழைநாளில் பெரிய பாதையை விட்டுவிட்டுப் பம்பையிலிருந்து ஏறலாம். துணியாலோ காலுறையாலோ காலைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்களையும் நான் தடுத்ததில்லை. ஆனால் ஈரத்துணி சுற்றிய கால் பாறையில் வெறுங்காலைவிட அதிகம் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மலைநாட்டுச் செவிலி எழுதியது:

வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், செவிலியாகப் பணிபுரிகிறேன். யாத்திரை முடிந்து ஊர் திரும்பும் வழியில் காலைக் காட்ட வருகிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

சகோதரர் கேட்ட வெறுங்கால் பற்றி. நாள் முழுதும் நீரில் ஊறிய உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி மென்மையாகிவிடும். பிறகு சிறு கல்லும் அதைக் கிழிக்கும். ஆகவே இரவில் காலை உலர்த்துவதே மறுநாளுக்கான ஏற்பாடு. விரிக்குள் வந்ததும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, விரலிடுக்குகளையும் துடைத்து, சற்று நேரம் காற்றாட விட்டு, அதன் பிறகு தேங்காயெண்ணெய் தடவுங்கள். காலையில் புறப்படும்போது தடவாதீர்கள், பாறையில் வழுக்கும். கொப்புளத்தைக் குத்தி உடைக்கவும் கூடாது.

அட்டைக்கு எங்கள் தோட்டத்துப் பெண்கள் கைகொண்ட வழி புகையிலையும் உப்பும் துணியில் முடிந்து கணுக்காலில் தேய்ப்பது. கன மழையில் அது கரைந்துவிடும். கடித்துவிட்டால் பதறிப் பிய்க்க வேண்டாம். தீயால் சுடவோ மேலே உப்பைக் கொட்டவோ வேண்டாம், உறிஞ்சியதை அது காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். தோலோடு ஒட்டி நகத்தை நுழைத்து, வாய்ப்பக்கத்தை முதலில் தள்ளிவிட்டால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் சுரப்பதால் கடிவாய் நெடுநேரம் கசியும். அதைப் பார்த்துச் சிறுவர்கள் அழுவார்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்ணும் பெரியவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எனக்கு அட்டையைவிட அச்சம் தருவது எலிக்காய்ச்சல். கீறல் விழுந்த வெறுங்காலோடு தேங்கிய நீரிலும் சேற்றிலும் நடந்தால் அந்தக் கிருமி உடலுக்குள் போக வழியுண்டு. ஊருக்குத் திரும்பி ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால், மலைக்கு நடந்து போனதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் ஊரில் அதைச் சொல்லாமல் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள்தான் மோசமான நிலையில் வந்து சேருகிறார்கள். முன்கூட்டியே தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதையும் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சிறுவனுக்கு ஒரு சொல். மழையும் காற்றும் சேர்ந்தால் மெலிந்த உடல் வெகு விரைவில் குளிர்ந்துவிடும். ஒரு செட் உடையை என்ன ஆனாலும் நனையாமல் பொதிந்து வைத்து, தங்குமிடத்தில் மட்டும் உடுத்துங்கள். காலையில் மனம் வராவிட்டாலும் முந்தின நாள் நனைந்த ஈர உடையையே மீண்டும் உடுத்தி நடக்க வேண்டும். நடக்கும்போது குழந்தை நடுங்கினால் வெல்லமோ கஞ்சியோ சூடாகக் கொடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் வருகிறது என்றால் அது களைப்பு அன்று. உடனே ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணியில் சுற்றி, ஒருவர் உடலோடு அணைத்துக்கொண்டு உதவி கேட்க வேண்டும்.

திண்டுக்கல் கன்னிசாமி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். குழுவில் சிலர், மழையென்றால் வண்டிப்பெரியாறு, சத்திரம் வழியாகப் புல்மேட்டுப் பாதையில் போய்விடலாம், 12 கிலோமீட்டர்தான், ஏற்றமும் குறைவு என்கிறார்கள். அது சரியான மாற்றா?

மலைநாட்டுச் செவிலி எழுதியது:

தூரம் குறைவு என்பது உண்மை. ஆனால் இடிமழைக்கு அதைவிடப் பொருந்தாத வழி இல்லை. பாதையில் ஒரு நீண்ட பகுதி மரமே இல்லாத புல்வெளி. அங்கே நிற்கிற மனிதர்தான் உயரமான பொருள். மின்னல் நேரத்தில் ஒதுங்க இடம் கிடையாது. மூடுபனி இறங்கினால் புல்லுக்குள் வழி எது, யானைத்தடம் எது என்று எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம் வரும். அதைத் தாண்டினால் சந்நிதானத்தை அடுத்த பாண்டித்தாவளம் நோக்கி இறங்கும் காட்டு இறக்கமும் ஈரத்தில் எளிதன்று. தெளிந்த வானம் உள்ள நாளில் அந்தப் பாதையில் தாராளமாகப் போகலாம். பெரிய பாதைக்கு மழையால் அடைப்பு என்றால் அதே நாளில் அதையும் அடைத்திருப்பார்கள்.

சரணவழி எழுதியது:

தாவளங்கள் பற்றிக் கம்பத்துச் சாமி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தங்குவது முறைக்கு மாறானது என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் தூறல் விழுந்தவுடன் விரி தேடுகிற மனநிலையும் எனக்கு ஏற்புடையதன்று; அந்த எல்லைக்கோட்டைக் குருசாமிதான் போட வேண்டும். ஆளுக்கொரு செல்பேசியில் மேகப்படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு முடிவு சொல்லும் குழு பம்பை போய்ச் சேராது.

ஈரநிலம் எழுதியது:

அதில் எனக்கும் மறுப்பில்லை. தூறலில் நாங்களும் நடந்தோம். எங்கள் குருசாமி பார்த்தவை மூன்றே: ஓடையில் நீர் கலங்கி ஏறுகிறதா, இடி நெருங்குகிறதா, கரிமலை இறக்கம் வெளிச்சத்தில் முடியுமா. இவற்றுள் ஒன்று பாதகமாக இருந்தாலும் நின்றுவிடுவது என்று எருமேலியிலேயே சொல்லிவிட்டார். அதனால் முக்குழியில் யாரும் சண்டை போடவில்லை.

திண்டுக்கல் கன்னிசாமி எழுதியது:

குருசாமியோடு பேசி முடிவு செய்துவிட்டோம். முதல் இரவு அழுதையில் தங்குகிறோம். மழை வலுத்தால் இரண்டாம் இரவு முக்குழியில். தரிசன முன்பதிவை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறோம். குறித்த நாளைப் பிடிக்க வேண்டுமென்ற அவசரம் இருந்தால் எந்த மழையிலும் கரிமலையில் ஏறத்தான் தோன்றும் என்று குருசாமி சொன்னார். மழை இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் நாளைப் பம்பையில் கழித்துக்கொள்கிறோம். பெரியவர்கள் இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை உண்டு. அவர் பம்பையில் எங்களோடு சேர்ந்துகொள்கிறார். சிறுவனுக்குக் கறுப்பு அரைக்கால் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. பேட்டை துள்ளும்போது பூசும் வண்ணம் மழையில் உடனே கரைந்துவிடுமே என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

கடைசியாக ஒன்று: ஊன்றுகோலை வழியில் காட்டிலேயே ஒடித்துக்கொள்ளலாமா, இங்கிருந்தே கொண்டுபோக வேண்டுமா?

கம்பத்துச் சாமி எழுதியது:

காப்பகத்துக்குள் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது. ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், மறந்தால் புறப்படும் முன் எருமேலியில் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மூங்கிலாக இருந்தால் அடிக்கணு தரையைத் தொடும்படி வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கல்லில் ஊன்ற ஊன்றப் பிளந்துவிடும். உயரம் நெஞ்சளவு இருக்கட்டும். இறக்கத்தில் கம்பு நமக்குக் கீழே இருக்கும் படியைத் தொட வேண்டும், இடுப்பளவுக் கம்பு அதற்கு எட்டாது. சிறுவனுக்கும் அவன் நெஞ்சளவில் தனியே ஒன்று வாங்குங்கள்; உங்கள் கம்பையே அவனும் பிடித்துக்கொண்டு வந்தால் சறுக்கும்போது இருவருமாகச் சறுக்குவீர்கள். சாமி சரணம்.